அவன் அறிந்தே செய்தான்

எட்கர் ஆலன் போவின் 'தி டெல்-டேல் ஹார்ட்' கதையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் வாசகர்கள் ஒரே தீர்ப்பை வாசித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்: "அவன் பைத்தியம், அவ்வளவுதான்." அண்மையில் நண்பர்கள் கூடிய ஒரு வாசிப்புக் கூட்டத்தில் இத்தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே ஏறியது. சட்டம் பயின்ற நண்பர் ஒருவர், "இவனை எந்த நீதிமன்றத்தில் நிறுத்தினாலும் விடுதலைதான். சித்தசுவாதீனம் இல்லாதவனைச் சட்டம் தண்டிக்காது" என்றார். கூட்டம் தலையசைத்தது. எனக்குத் தலை அசையவில்லை. அன்று நேரம் போதாமையால் சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன்.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. இக்கதையைச் சொல்கிறவன் நோயாளி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சட்டம் எந்தப் பொருளில் ஒருவனைச் சித்தசுவாதீனமற்றவன் என்கிறதோ, அந்தப் பொருளில் அவன் அப்படிப்பட்டவன் அல்லன். இவை இரண்டும் ஒன்றே என்று சொல்வது கதையைப் படிக்கத் தவறியதன் விளைவு. அதோடு, கதைக்கு வெளியே வாழும் சில மனிதர்களுக்கு அது இழைக்கும் அநீதியும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கதையைப் படித்து நாளாகியிருப்போருக்காகச் சுருக்கம். பெயர் சொல்லப்படாத ஒருவன் ஒரு கிழவருடன் ஒரே வீட்டில் வசிக்கிறான். அவர்மீது அவனுக்குப் பகை இல்லை, அன்பு உண்டு. அவர் பொருள்மீது ஆசையும் இல்லை. அவருடைய கண் ஒன்று, வெளிறிய நீலமாய்ப் படலம் மூடிக் கழுகின் கண்போல் இருக்கிறது. அது தன்மேல் விழும்போதெல்லாம் அவனுக்கு இரத்தம் உறைகிறது. அந்தக் கண்ணிலிருந்து விடுபட அவரைக் கொல்லத் தீர்மானிக்கிறான். ஏழு இரவுகள், நள்ளிரவில், மூடியிட்ட லாந்தருடன் அவர் அறைக்கதவைத் திறந்து பார்க்கிறான். கண் மூடியிருப்பதால் திரும்பிவிடுகிறான். எட்டாம் இரவு கிழவர் விழித்துக்கொள்கிறார். கண் திறந்திருக்கிறது. அவருடைய இதயத்துடிப்பு தன் காதில் விழுவதாக அவன் உணர்கிறான். பாய்ந்து, அவரைத் தரையில் இழுத்துப்போட்டு, கனத்த கட்டிலை மேலே கவிழ்த்துக் கொல்கிறான். உடலைத் துண்டித்துத் தரைப்பலகைகளுக்கு அடியில் மறைக்கிறான். காலை நான்கு மணிக்கு மூன்று காவலர்கள் வருகிறார்கள். அவர்களைச் சிரித்தமுகத்துடன் உபசரிக்கிறான். பிறகு பலகைக்கு அடியிலிருந்து அந்த இதயம் மறுபடி துடிப்பதாகக் கேட்கிறது. தாங்க முடியாமல் தானே குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். கதை முழுவதும் அவன் வாய்மொழி. தொடக்கம் முதல் அவன் வாதாடுவது ஒன்றே ஒன்றுதான்: நான் பைத்தியம் அல்ல.

*

இக்கதை வெளியானது 1843 ஜனவரியில், ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவெல் நடத்திய 'தி பயனீர்' இதழின் முதல் எண்ணில். அதே மாதம் 20ஆம் தேதி, அட்லாண்டிக்கின் மறுகரையில், லண்டனில், டேனியல் மக்நாட்டன் என்ற கிளாஸ்கோ மரக்கடைசல் தொழிலாளி, பிரதமர் ராபர்ட் பீலின் அந்தரங்கச் செயலர் எட்வர்ட் டிரம்மண்டைப் பின்னாலிருந்து சுட்டான். ஐந்து நாள் கழித்து டிரம்மண்ட் இறந்தார். ஆளும் டோரி கட்சியினர் தன்னை ஊர்ஊராக விரட்டி வேட்டையாடுகிறார்கள் என்ற மாயநம்பிக்கையில் மக்நாட்டன் ஆண்டுக்கணக்கில் உழன்றவன். மார்ச் மாதம் விசாரணை. மருத்துவச் சாட்சிகள் ஒருமித்து அவன் நோயாளி என்றனர். சித்தசுவாதீனமின்மையால் குற்றவாளியல்லன் என்று ஜூரி சொன்னது. அவன் எஞ்சிய வாழ்நாளைப் பெத்லெம் மனநோய் விடுதியிலும் பிறகு பிராட்மூரிலுமாகக் கழித்து 1865இல் இறந்தான்.

தீர்ப்பு நாட்டைக் கொதிக்க வைத்தது. தன்மீதே கொலை முயற்சிகளைச் சந்தித்திருந்த விக்டோரியா அரசி கடும் அதிருப்தி தெரிவித்தார். பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்துக் கேள்விகள் கேட்டது. அவ்வாண்டு ஜூனில் நீதிபதிகள் தந்த விடைகளே 'மக்நாட்டன் விதிகள்' எனப் பெயர் பெற்றன. ஆங்கிலேயச் சட்டம் சென்ற இடமெல்லாம் அவையும் சென்றன. இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு அவற்றின் வழிவந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் அதையே தொடர்கிறது.

ஆக, போவின் கதையும் இன்றுவரை நம் நீதிமன்றங்களில் வாழும் அளவுகோலும் ஓராண்டின் பிள்ளைகள். ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. கதை முந்தியது, விதி பிந்தியது. ஆனால் அக்காலம் முழுவதையும் அலைக்கழித்த ஒரே கேள்விக்கு எழுதப்பட்ட இரண்டு விடைகள் அவை. அதனால்தான் இந்த விதிகளைக் கொண்டு இவனை அளப்பது வெறும் விளையாட்டு அல்ல என்கிறேன்.

அந்த விதிகள் சொல்வது என்ன? ஒவ்வொருவரும் சித்தசுவாதீனம் உள்ளவர் என்றே சட்டம் முதலில் கொள்ளும். இல்லை என்பவர் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க வேண்டியது, செயலைச் செய்த அந்த நேரத்தில், மனநோயின் காரணமாக, தான் செய்வது இன்னது என்று அறியாதிருந்தான். அல்லது அறிந்திருந்தாலும் அது தவறு என்று அறியாதிருந்தான் என்பதை. "இவனுக்கு நோய் உண்டா?" என்பதோடு நிற்கும் கேள்வி அல்ல இது. "அந்த நோய் இவனுடைய அறிவை அந்த நேரத்தில் பறித்துக்கொண்டதா?" என்பதே கேள்வி. நம் உச்ச நீதிமன்றமும் 2011இல் சுரேந்திர மிஸ்ரா வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது: மெய்ப்பிக்க வேண்டியது சட்டப்படியான சித்தசுவாதீனமின்மையை, மருத்துவப்படியானதை அல்ல. நண்பர் சட்டம் பயின்றவர். இந்த வேறுபாட்டை அவர் அறியாதவர் அல்லர். கதை என்றதும் மறந்துவிட்டார்.

*

இனிச் சாட்சியத்துக்கு வருவோம். நமக்குள்ள ஒரே சாட்சி கொலைகாரன்தான். ஆனால் அவனைப்போல் தனக்கெதிராக விரிவாகச் சாட்சி சொன்னவன் இலக்கியத்தில் அரிது.

முதலாவது, தான் செய்வது இன்னது என்பதை அவன் அறிவானா? சித்தசுவாதீனமின்மைக்குச் சட்டநூல்கள் தரும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு: மனிதனின் கழுத்தை நெரித்துக்கொண்டே, தான் எலுமிச்சம்பழம் பிழிவதாக நம்புகிறவன். இவன் அப்படிப்பட்டவனா? கண்ணைத்தான் வெறுக்கிறேன், கிழவரை அல்ல என்கிறான், உண்மை. ஆனால் கண்ணை அழிக்க உயிரை எடுக்கவேண்டும் என்பதைத் தீர்மானித்த முதல் நாளிலேயே அவன் தெளிவாகச் சொல்லிவிடுகிறான். கட்டிலுக்கு அடியில் துடிப்பு அடங்கும்வரை காத்திருக்கிறான். பிறகு கட்டிலை அகற்றி, மார்பில் கைவைத்துப் பல நிமிடங்கள் துடிப்பு இருக்கிறதா என்று சோதிக்கிறான். இறந்துவிட்டார் என்று உறுதி செய்துகொள்கிறான். மரணம் என்றால் என்னவென்று அறியாதவன் மரணத்தைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, அது தவறு என்று அவன் அறிவானா? கொலைக்கு முந்திய வாரத்தில் கிழவரிடம் என்றுமில்லாத அன்போடு நடந்துகொள்கிறான். இரவில் அவர் அறைவாசலில் நின்றவன் காலையில் அதே அறைக்குள் தைரியமாய் நுழைந்து, பெயர் சொல்லி அழைத்து, இரவு நன்றாகத் தூங்கினீர்களா என்று விசாரிக்கிறான். இரத்தம் முழுவதையும் ஒரு தொட்டியில் பிடித்துக்கொண்டதால் கறை ஒன்றுமில்லை என்று பெருமைப்படுகிறான். காவலர் வந்து, அலறல் கேட்டதாக அண்டைவீட்டார் சொன்னார்கள் என்றதும், அது கனவில் தான் போட்ட கூச்சல் என்கிறான். கிழவர் வெளியூர் போயிருப்பதாகச் சொல்கிறான். சட்டத்துக்கு விரோதம் என்று அறியாதவனுக்குப் பொய் எதற்கு?

மூன்றாவது சாட்சியத்தைப் பலரும் எதிர்த்தரப்புக்குச் சாதகமாகப் படிக்கிறார்கள். கொலைக்குச் சற்று முன் கிழவரின் இதயத்துடிப்பு அவனுக்குக் கேட்கிறதல்லவா, அது மனப்பிரமைதானே என்பார்கள். சரி, பிரமை என்றே கொள்வோம். அந்தத் துடிப்பு உரத்துக்கொண்டே போகும்போது அவனைப் பாயச்செய்த எண்ணம் எது? அண்டைவீட்டார் கேட்டுவிடுவார்களே என்ற அச்சம்! பிரமையின் உச்சத்திலும் அவன் அஞ்சுவது அயலாரின் காதுக்கு. அவன் கேட்ட ஒலி பொய்யாயிருக்கலாம். அந்த ஒலியைக் கேட்டு அவன் அடைந்த அச்சம், தான் செய்யப்போவது பிறர் அறியக்கூடாத காரியம் என்ற மெய்யறிவிலிருந்து பிறந்தது.

நான்காவது சாட்சியமே எனக்கு முதன்மையானது. எட்டாம் இரவு, கிழவர் விழித்துப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இவன் இருட்டில் அசையாமல் நிற்கிறான். அவரிடமிருந்து மெல்லிய முனகல் ஒன்று எழுகிறது. வலியின் முனகலோ துயரத்தின் முனகலோ அல்ல அது, மரண பயத்தின் முனகல் என்று இவன் உடனே கண்டுகொள்கிறான். எப்படி? பல நள்ளிரவுகளில் ஊர் உறங்கும்போது தன் நெஞ்சிலிருந்தே அந்த முனகல் எழுந்திருக்கிறது என்கிறான். கிழவர் மனத்தில் ஓடுவதை வரிசையாகச் சொல்கிறான்: புகைபோக்கியில் காற்றாக இருக்கும், எலியாக இருக்கும், பூச்சியாக இருக்கும் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்ள அவர் முயன்றிருப்பார், முடிந்திராது. அவரைக் கண்டு இரங்குகிறேன் என்கிறான். உள்ளூரச் சிரித்தேன் என்றும் சேர்த்துக்கொள்கிறான்.

பிறன் நெஞ்சின் அச்சத்தைத் தன் நெஞ்சால் அளந்து அறிகிறவன், தான் செய்வதன் தன்மையை அறியாதவனா? கொல்லப்படுவது எப்படியிருக்கும் என்பதை இக்கதையில் அவனைவிட நன்றாக அறிந்தவர் வேறு யாரும் இல்லை. அறிந்தபின்னும் அவன் லாந்தரின் மூடியை விலக்குகிறான்.

*

எதிர்வாதங்களை அவற்றின் முழு வலுவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இது வாதம் ஆகாது, வசை ஆகிவிடும்.

"நிதானமாகத் திட்டமிட்டது சித்தசுவாதீனத்துக்குச் சான்றாகாது, பைத்தியத்துக்கும் தந்திரம் உண்டு." வலுவான வாதம். இதைச் சொன்னவர்களில் ஒருவர் போவேதான். பிலடெல்பியாவில் மகளைச் சுட்டுக்கொன்ற ஜேம்ஸ் வுட் என்பவரின் வழக்கைப் பற்றி அவர் 1840இல் ஒரு வாரப் பத்திரிகையில் எழுதியபோது, துப்பாக்கி வாங்கும்போது அவர் காட்டிய அமைதியும் பித்தனின் தந்திரமாகவே இருக்கக்கூடும் என்று வாதிட்டார். போவை நான் மறுக்கவில்லை. நிதானம், நோய் இல்லை என்பதற்குச் சான்றல்ல. ஆனால் நான் நிதானத்தைக் காட்டி அவன் நோயாளி அல்லன் என்று வாதிடவில்லையே! அவன் அறிந்திருந்தான் என்று மட்டுமே சொல்கிறேன். தந்திரத்துக்கு ஒரு நோக்கம் வேண்டும். இவனுடைய தந்திரம் முழுவதன் நோக்கமும் அகப்படாமலிருப்பது. அகப்படக்கூடாது என்று நினைப்பவனுக்கு, அகப்பட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்திருக்கிறது.

"அவன் மாயநம்பிக்கையில் செய்தான்." மக்நாட்டன் விதிகள் இதற்கும் விடை சொல்கின்றன. மாயநம்பிக்கை உடையவனை, அவன் நம்பியது உண்மையாகவே இருந்திருந்தால் எப்படி நடத்துவோமோ அப்படி நடத்தவேண்டும் என்கின்றன. தன் உயிரைப் பறிக்க ஒருவன் பாய்கிறான் என்று நம்பித் தற்காப்புக்காகக் கொன்றிருந்தால் அவனுக்கு விலக்கு உண்டு. தன் பெயருக்கும் பொருளுக்கும் கேடு செய்தவன் என்று நம்பிப் பழிதீர்த்தால் விலக்கு இல்லை. இந்த விடை மருத்துவர்களால் கடுமையாகக் கண்டிக்கப்பட்ட ஒன்று. இதன்படி மக்நாட்டனே தப்பியிருக்கமாட்டான் என்பாரும் உண்டு. இருக்கட்டும். அளந்து பார்ப்போம். கிழவரின் கண் உண்மையிலேயே தீய கண் என்றே வைத்துக்கொள்வோம். நமக்குக் கண்ணேறு புதிதல்ல. மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுகிறோம், பூசணிக்காய் உடைக்கிறோம். கண்பட்டது என்பதற்காகக் கண்ணுக்கு உரியவரைக் கட்டிலுக்கு அடியில் நசுக்க எந்த ஊரிலும் உரிமையில்லை. அந்தக் கண் தன்னைக் கொல்லப்போகிறது என்றுகூட இவன் சொல்லவில்லை. இரத்தம் உறைகிறது என்கிறான். வீட்டைவிட்டு வெளியேறிப்போக அவனுக்குக் கதவு திறந்தே இருந்தது.

"அவனால் தன்னைத் தடுத்துக்கொள்ள முடியவில்லை." இது மக்நாட்டன் விதிகளுக்கு வெளியே, அமெரிக்க நீதிமன்றங்கள் சில ஏற்றுக்கொண்ட 'அடக்கவியலாத உந்துதல்' என்ற அளவுகோல். ஆனால் ஏழு இரவுகள் இவன் அடக்கிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறான். எட்டாம் இரவிலும் ஒரு மணிநேரம் தசை அசையாமல் நின்றிருக்கிறான். கண் மூடியிருந்ததால்தான் திரும்பினான், அதுவே நோய் என்பீர்கள். ஆம், கண் திறந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை நோயுடையது. ஆனால் அந்த ஏழு இரவுகளில் ஒன்றில் அறைக்குள் ஒரு காவலர் உட்கார்ந்திருந்தால், கண் திறந்தே இருந்தாலும், இவன் பாய்ந்திருப்பானா? கதையை முழுதும் படித்த எவரும் ஆம் என்று சொல்லமாட்டார்.

"தானாக ஒப்புக்கொண்டானே, புத்தியுள்ளவன் செய்வானா?" இக்கதைக்கு மூலங்களில் ஒன்றாக ஆய்வாளர்கள் கருதுவது 1830இல் சேலம் நகரில் நடந்த ஒரு கொலையின் வழக்குரை. ஜோசப் வைட் என்ற முதியவர் உறங்கும்போது கொல்லப்பட்டார். காரணம் சொத்து, கைக்கருவி கூலிக்கு அமர்த்தப்பட்டவன். அரசுத் தரப்பில் பேசிய டேனியல் வெப்ஸ்டர், கொலையின் இரகசியம் அதைச் சுமப்பவனை உள்ளிருந்து அரித்து வெளியே வந்தே தீரும் என்று ஜூரியிடம் முழங்கினார். அவர் பேசியது பைத்தியத்தைப் பற்றி அல்ல. முழுப்புத்தியோடு பணத்துக்காகச் செய்த கொலையைப் பற்றி. போ அந்தக் காட்சியிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார், அரிப்பை வைத்துக்கொண்டார். பலகைக்கு அடியில் துடிப்பது பிரமைதான். ஆனால் அது ஏன் கிழவரின் இதயமாகத் துடிக்கவேண்டும்? காவலர்கள் எல்லாம் தெரிந்துகொண்டே தன்னை எள்ளுகிறார்கள் என்று ஏன் தோன்றவேண்டும்? குற்றம் என்று அறியாதவனுக்கு இந்தப் பிரமை வராது.

"அவன் சொல்வதையே நம்பமுடியாதே, நம்பத்தகாத கதைசொல்லி அல்லவா?" நல்லது. அப்படியானால் அவன் சொன்ன இதயத்துடிப்பையும் நம்பவேண்டாம். நோய்க்குச் சான்றானவற்றை மட்டும் ஏற்று, அறிவுக்குச் சான்றானவற்றை மட்டும் தள்ளுவது விமர்சனம் அல்ல. சாட்சி முழுவதையும் தள்ளினால் எஞ்சுவது சட்டத்தின் முன்ஊகம். அதன்படி அவன் சித்தசுவாதீனம் உள்ளவன்.

*

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எல்லா அளவுகோலிலும் இவன் தோற்கமாட்டான். 1954 முதல் 1972 வரை வாஷிங்டன் நகரில் 'டரம் விதி' என்று ஒன்று இருந்தது. செயல் மனநோயின் விளைவாக இருந்தால் போதும், விலக்கு உண்டு என்றது அது. அங்கே இவனை நிறுத்தினால் நண்பர் வென்றிருப்பார். கண் மீதான அந்த வெறுப்பு இல்லாவிட்டால் கொலை இல்லை; வெறுப்பு நோயின் பிள்ளை. ஆனால் எது நோயின் விளைவு, எது அல்ல என்று வரையறுக்க முடியாமல், தீர்ப்பு மருத்துவர் கைக்குப் போய்விட்டது என்று அந்நீதிமன்றமே அவ்விதியைக் கைவிட்டது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இவனைத் தூக்கில் போடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. இங்கிலாந்தில் 1957 முதல் 'குறைந்த பொறுப்பு' என்றொரு வழி உண்டு. மனநிலைக் கோளாறு ஒருவரின் பொறுப்பைக் கணிசமாகக் குறைத்திருந்தால், கொலைக்குற்றம் அதற்கு அடுத்த படியிலுள்ள குற்றமாகக் குறையும். விடுதலையும் இல்லை, முழுப்பழியும் இல்லை. போவின் கொலைகாரனுக்கு நியாயமான இடம் அதுவே என்று நினைக்கிறேன். நம் சட்டத்தில் மனநோய்க்கென்று அப்படி ஒரு நடுப்படி கிடையாது. அது நம் சட்டத்தின் குறை, அதற்காக வாதாடலாம். அதை விட்டுவிட்டு, அறிந்து செய்தவனை அறியாமல் செய்தவன் என்று சாதிப்பது என்ன வாதம்?

வேடிக்கை ஒன்றைக் கவனியுங்கள். நான் அறிந்தே, அளந்தே செய்தேன். ஆகவே நான் பைத்தியம் அல்ல என்கிறான் அவன். நீ பைத்தியம், ஆகவே நீ அறிந்து செய்யவில்லை என்கிறார் வாசகர். அவனுடைய முடிவு பிழை, சான்று சரி. வாசகருடைய சான்று சரி, முடிவு பிழை. இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்றே: பைத்தியமும் அறிவும் ஓர் உடலில் ஒன்றாக வசிக்கமாட்டா என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் போ இக்கதையில் உடைத்தார். உடைந்ததை நாம் அக்கறையாக ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறோம்.

*

இதெல்லாம் ஒரு கற்பனைக் கொலைகாரனைப் பற்றித்தானே, ஏன் இத்தனை வெப்பம் என்று கேட்கலாம். காரணம் உண்டு.

என் தாய்மாமன் இருபது ஆண்டுகளுக்கு மேல் குரல்கள் கேட்டவர். மாத்திரைகளால் சில குரல்கள் அடங்கின, சில அடங்கவில்லை. திண்ணையில் அமர்ந்து அவற்றுக்குத் தணிந்த குரலில் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். எறும்பு ஊர்ந்தால் காலை விலக்கிக்கொள்வார். எங்கோ ஒரு கொலை நடந்து, செய்தித்தாளில் 'மனநோயாளி வெறிச்செயல்' என்று தலைப்பு வந்த மறுநாள், எதிர்வீட்டில் குழந்தைகளை உள்ளே அழைத்துக் கதவைத் தாழிடுவார்கள். அவர் அதைப் பார்ப்பார். ஒருநாள் என் அம்மாவிடம் கேட்டார்: "அக்கா, என்னப் பாத்தா உனக்கும் பயமா இருக்கா?" அம்மா இல்லையென்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதார்.

மனநோய் உள்ளவர்களில் மிகப்பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள். தீங்குக்கு ஆளாகும் வாய்ப்பே அவர்களுக்கு அதிகம். நமக்குப் புரியாத ஒவ்வொரு கொலையையும் பைத்தியம் என்ற பெட்டியில் போடும்போது, அந்தப் பெட்டியில் ஏற்கெனவே இருப்பவர்கள்மீது இரத்தக்கறை தெறிக்கிறது.

இன்னொரு தீங்கும் உண்டு. சித்தசுவாதீனமின்மை என்ற விலக்கு உண்மையிலேயே அறிவிழந்து செய்தவர்களுக்கான ஒரு சிறு கதவு. அதை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக மக்கள் நினைக்கும்போதெல்லாம் யாரோ அதை அறைந்து சாத்துகிறார்கள். ரேகனைச் சுட்ட ஜான் ஹிங்க்லி 1982இல் சித்தசுவாதீனமின்மையால் குற்றவாளியல்லன் எனப்பட்டபோது எழுந்த சினத்தில், 1984இல் அமெரிக்க மத்திய சட்டம் இந்த விலக்கைக் குறுக்கிவிட்டது. கான்சாஸ் மாநிலம், தவறு என்று அறியாமல் செய்தேன் என்ற வாதத்துக்கே விலக்கு இல்லை என்றது. 2020இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. மாறுபட்டு எழுதிய நீதிபதி பிரேயர் இரண்டு மனிதர்களைக் கற்பனை செய்தார்: மனிதனை நாய் என்று நம்பிக் கொன்றவன் ஒருவன்; நாய் கட்டளையிட்டது என்று நம்பி மனிதனைக் கொன்றவன் மற்றொருவன். இருவரும் ஒரே அளவு நோயாளிகள். முதலாமவன் தப்பிக்கிறான், இரண்டாமவன் மாட்டிக்கொள்கிறான், இதில் என்ன நீதி என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த இருவருக்காகவும் நான் வாதாடுவேன். போவின் ஆள் அந்த இருவரில் ஒருவன் அல்லன். அவனுக்குக் கிழவர் கிழவராகவே தெரிந்தார். யாரும் அவனுக்குக் கட்டளையிடவில்லை.

கடைசியாக, வாசகர்களாகிய நமக்கு. 'பைத்தியம்' என்று சொன்ன கணத்தில் நாம் அவனிடமிருந்து விடுதலை பெற்றுவிடுகிறோம். அவன் வேறு, நாம் வேறு. பிறகு கதை ஒரு விநோதப் பொருள். ஆனால் பிறருடைய அச்சத்தை நன்றாக அறிந்துகொண்டே, இரங்கிக்கொண்டே, அவரை வதைக்கும் மனம் விநோதமானதா? வீட்டிலும் அலுவலகத்திலும் நாம் அதைக் கண்டதில்லையா? நமக்குள்ளேயே கண்டதில்லையா? அவன் அறியாமல் செய்தான் என்றால் இக்கதை நம்மிடம் கேட்க ஒன்றுமில்லை. அறிந்து செய்தான் என்பதால்தான் 180 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் துடிப்பு கேட்கிறது.

நண்பர் மறுப்பார், மறுக்கட்டும். மறுக்குமுன் கிழவரின் முனகலைக் கேட்டபடி அவன் இருட்டில் நிற்கும் பகுதியை மட்டும் இன்னொரு முறை படித்துவிட்டு வரட்டும்.